இரண்டு இன்ஜினையும் அணைத்துவிட்டு

போன வருஷம் அரையாண்டு லீவில் ஒரு நாள் என் பையன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அப்பா, இது ஃபேக்தானே?" என்று கேட்டான். வீடியோவில் ஒரு சின்ன விமானத்தின் உள்ளே வயசான ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர். ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே இன்னொரு கையில் ஜக்கை எடுத்து, மணிக்கட்டைப் புறங்கையாகத் திருப்பி, டம்ளரில் டீ ஊற்றுகிறார். நம்ம ஊர் டீ இல்லை, ஐஸ் போட்டுக் குடிப்பார்களே அது. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே அடிவானம் சாய்கிறது, சாய்ந்துகொண்டே போய் செங்குத்தாக நிற்கிறது, அப்புறம் தரை தலைக்கு மேலே வந்துவிடுகிறது, டீ மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நேராக டம்ளருக்குள் விழுந்துகொண்டிருக்கிறது.

"ஃபேக் இல்லடா. அவர் பேரு பாப் ஹூவர்" என்றேன். நம்பவில்லை. ஏழாம் வகுப்புப் பசங்களுக்கு இப்போது எதைக் காட்டினாலும் ஏஐ என்கிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி வா என்று மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் எங்கள் பாட்டி காலத்துப் பால் தூக்கு. சின்ன வயசில் நானும் என் அண்ணனும் இதில்தான் பால் வாங்கப் போவோம், வரும் வழியில் ஆள் இல்லாத சந்தாகப் பார்த்து தூக்கை ஒரு முழு வட்டம் சுற்றுவோம், ஒரு சொட்டு சிந்தாது. ஒரே ஒரு தடவை அண்ணன் பாதி வட்டத்தில் பயந்து கையை இழுத்துவிட்டான், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் காபி கிடையாது, எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஒன்று கிடைத்தது. பையனிடம் பாதித் தூக்கு தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். வேகமாகச் சுற்றினான், சிந்தவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. இப்போ மெதுவாச் சுத்து என்றேன். மூன்றாவது சுற்றில் மேலே போன தூக்கு ஒரு நொடி தயங்கியது, மொத்தத் தண்ணீரும் அவன் தலையில். கீழேயிருந்து என் மனைவி, "லாரித் தண்ணி வாங்குற வீட்டுல அங்க என்ன அபிஷேகம் நடக்குது?" என்று சத்தம் போட்டாள்.

விஷயம் என்னவென்றால், தூக்கு வேறு, ஹூவர் செய்தது வேறு. தூக்கை நாம் வேகமாகச் சுற்றித் தண்ணீரை அடியோடு அழுத்தி வைக்கிறோம், முரட்டுத்தனம்தான் அதில் வேலை செய்கிறது. ஹூவரின் டம்ளரில் டீ அழுத்தப்படவும் இல்லை, மிதக்கவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஊற்றினால் எப்படி விழுமோ கிட்டத்தட்ட அப்படியே விழுகிறது. அதாவது விமானம் ஒரு முழு உருளல் உருண்டு முடிக்கிற நேரம் முழுக்க, உள்ளே இருப்பவருக்கு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது போன்ற எடைதான் இருந்தாக வேண்டும். இதைச் சொல்வது சுலபம். தலைகீழாக இருக்கும்போது இறக்கை தரும் தூக்குவிசை தரையைப் பார்த்து இருக்கும், பூமியின் இழுப்பும் தரையைப் பார்த்துத்தான், இரண்டும் சேர்ந்து விமானத்தைச் சரசரவென்று கீழே கொண்டுபோகும். அதனால் உருள ஆரம்பிப்பதற்கு முன்பே மூக்கை மேலே தூக்கி, பின்னால் வரப்போகிற இறக்கத்துக்கு முன்பணம் கட்டிவிட வேண்டும். கொஞ்சம் குறைவாகக் கட்டினால் பாதியில் மாட்டிக்கொள்வோம். அவர் இவ்வளவையும் ஒரு கையால் செய்துகொண்டு, கவனத்தில் பாதியை டம்ளரில் வைத்திருக்கிறார்.

அந்த ராத்திரியிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு 'டீ தாத்தா' என்று பெயர். அக்டோபர் 25 அவருடைய நினைவு நாள். 2016இல் அன்றைக்குத்தான் போனார், 94 வயசு. ஏர்ஷோவில் சாகசம் செய்கிற விமானி 94 வயசு வரை இருந்து படுக்கையில் சாவது என்பதே அந்தத் தொழிலில் ஒரு சாகசம்தான்.

பாப் ஹூவர், முழுப் பெயர் ராபர்ட் ஹூவர், பிறந்தது 1922 ஜனவரியில், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில். படிக்கிற வயசில் மளிகைக் கடையில் வேலை பார்த்து, அந்தக் காசில் வாரத்துக்குக் கால் மணி நேரம் பறக்கக் கற்றுக்கொண்டார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவருக்கு ஆரம்பத்தில் விமானம் திரும்பினாலே குமட்டுமாம். மலைப்பாதையில் பஸ் இரண்டு வளைவு திரும்பியதும் ஜன்னலோரம் இடம் கேட்பவர்களுக்கு அவர் பட்ட கஷ்டம் புரியும். நாமாக இருந்தால் வேறு வேலை பார்க்கப் போயிருப்போம். அவர் செய்தது தலைகீழ் வைத்தியம். எந்த அசைவு குமட்டுகிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் வட்டமடிக்கவும் உருளவும் தானே பழகினார். பிற்காலத்தில் உலகமே வாய் பிளந்து பார்த்த கலையின் ஆரம்பம் வாந்தியை நிறுத்துவதற்கான முயற்சிதான்.

இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானத்தை ஓட்டினார். 1944 பிப்ரவரியில், அவருடைய 59ஆவது பறப்பில், தெற்கு பிரான்ஸ் கடலோரத்தில் ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். கடலிலிருந்து அவர்களே தூக்கி, ஜெர்மனியில் பார்த் என்ற ஊரில் இருந்த போர்க் கைதிகள் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே. தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டது பல தடவை. போர் முடிகிற சமயத்தில் ஒரு வழியாக வேலியைத் தாண்டி வெளியே வந்தவர், வழியில் ஒரு ஜெர்மன் விமானத் தளத்தில் அடிபட்டுக் கிடந்த ஃபோக்கே வுல்ஃப் 190 ஒன்றில் ஏறி உட்கார்ந்து, எதிரியின் விமானத்திலேயே நெதர்லாந்து வரை பறந்து வயலில் இறக்கினார் என்பது அவர் தன் சுயசரிதையில் சொல்லும் கதை. கேட்கும்போது நம்ம சினிமா ஹீரோ எண்ட்ரி மாதிரி இருக்கிறது. ஆனால் அவரே பின்னாளில் இதைப் பெரிசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. போர் முடிந்துபோன மாதிரிதான், அந்தக் குழப்பத்தில் யாரும் யாரையும் கவனிக்கிற நிலைமையில் இல்லை என்ற தோரணையில்தான் பேசுவார். விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் ஜெர்மன் அடையாளம் இருக்க, எதிரில் வருகிற அமெரிக்கனோ பிரிட்டிஷ்காரனோ சுட்டுவிட்டால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது இன்னும் வயிற்றெரிச்சல். ஒலியின் வேகத்தை முதலில் தாண்டியவர் சக் யேகர், 1947 அக்டோபர் 14, பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த பெல் எக்ஸ்-1 விமானத்துக்கு யேகருக்கு மாற்றாக வைத்திருந்த ஆள் ஹூவர்தான். முதல் இடமே அவருக்குக் கிடைத்திருக்கலாம், ஜெட்டை எடுத்துக்கொண்டு ஒரு சிவில் விமானதளத்துக்கு மேல் தாழப் பறந்து விளையாடிய குற்றத்துக்காக இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். சரித்திரம் நிகழ்ந்த அன்று அவர் துணை விமானத்தில் பறந்துகொண்டு, எக்ஸ்-1இன் புகைப்போக்கில் வைரக்கல் வைரக்கல்லாகத் தெரியும் அதிர்வலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதன்பின் தனக்கு வரவேண்டிய முறையும் வரவில்லை. தண்டர்ஜெட் என்ற போர் விமானம் ஒன்றில் தீப்பிடித்து வெளியே குதித்தபோது வாலில் அடிபட்டு இரண்டு காலும் முறிந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய் மாப்பிள்ளைத் தோழனாகத் திரும்பி வந்த கதை. இதற்காக அவர் யாரையும் குறை சொன்னதாக நான் படித்ததில்லை, யேகரோடு கடைசி வரை சிநேகிதம்.

இதெல்லாம் முன்கதை. ஹூவர் என்றால் விமானக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு ஞாபகம் வருவது ஏர்ஷோதான், அதிலும் ஷ்ரைக் கமாண்டர். அந்த விமானத்தின் படத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சாகச விமானம் என்றால் சின்னதாக, முரட்டு இன்ஜினோடு, நெருப்புப் படம் வரைந்து இருக்க வேண்டும் என்று நினைப்போம் இல்லையா? இது இரண்டு பிஸ்டன் இன்ஜின் வைத்த, கம்பெனி முதலாளிகள் மீட்டிங்குக்குப் போய்வரும் விமானம். அம்பாசிடர் காரை எடுத்துக்கொண்டு பைக் ரேஸ் மைதானத்தில் இறங்கின மாதிரி. ஓட்டுபவரும் அதற்குத் தகுந்த மாதிரி கோட்டும் சூட்டும் அகலமான வைக்கோல் தொப்பியுமாக வருவார், ஏறுவதற்கு முன் கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார்.

ஷோவின் முதல் பாதியில் இரண்டு இன்ஜினும் ஓடும், அப்புறம் ஒன்றை அணைத்துவிட்டு மிச்சம் ஒன்றை வைத்துக்கொண்டு உருளுவார். கடைசியில் வருவதுதான் அவருடைய முத்திரை. உயரத்திலிருந்து பாய்ந்து வேகம் எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்கு மேலே தாழ வருவார், வந்ததும் இரண்டு இன்ஜினையும் அணைத்துவிடுவார். விசிறியின் தகடுகளைக் காற்றுக்குக் கத்தி விளிம்பு மாதிரி திருப்பி நிறுத்திவிடுவார், அவை காற்றைத் தடுக்கக் கூடாது என்பதற்காக. இதைப் பழைய வீடியோவில் பார்க்கும்போது சத்தத்தை ஏற்றி வைத்துப் பாருங்கள். அதுவரை உறுமிக்கொண்டிருந்த மைதானத்தில் பட்டென்று ஒன்றுமில்லாமல் போகும், காற்று கிழிபடும் ஒரு சீழ்க்கை மட்டும் மிச்சமிருக்கும். அந்த அமைதியில் மூன்று டன் கனமுள்ள ஒரு விமானம் மூக்கை நிமிர்த்தி மேலே ஏறி, தலைகீழாகி, முழு வட்டம் போட்டுக் கீழே வருகிறது. வந்த கையோடு எட்டு இடங்களில் நின்று நின்று உருளுகிறது, கடிகாரத்தின் முள் எட்டு தரம் நிற்பது மாதிரி. அப்புறம் அப்படியே திரும்பி ஓடுபாதையைப் பார்த்து வருகிறது. இவ்வளவுக்கும் இன்ஜின் கிடையாது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை, கணக்குதான். வேகம் ஒரு கையில் இருக்கும் பணம், உயரம் இன்னொரு கையில் இருக்கும் பணம். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கலாம். பாய்ந்தால் உயரம் வேகமாகும், ஏறினால் வேகம் உயரமாகும். ஆனால் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் காற்று நடுவில் புரோக்கர் மாதிரி நின்று கமிஷன் எடுத்துக்கொள்ளும். கையை வேகமாக இழுத்தால் கமிஷன் கூட, சுக்கானைத் தேவையில்லாமல் மிதித்தால் கமிஷன் கூட. வட்டம் போடுகிறபோது ஐம்பது அடியை வீணடித்தால் கடைசியில் ஓடுபாதைக்கு எட்டாமல் வேலியில் உட்கார வேண்டியதுதான், கூடுதலாகக் கடன் கொடுக்க இன்ஜின் இல்லை. இதை அவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால், வருஷக்கணக்கில், ஒவ்வொரு ஊரின் காற்றுக்கும் வெயிலுக்கும் தகுந்த மாதிரி கணக்கை மாற்றிப் போட்டு, செய்துகொண்டே இருந்தார்.

இறங்குவதிலும் குசும்பு உண்டு. முதலில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தரையைத் தொடும், அப்புறம் விமானம் மறுபக்கம் சாய்ந்து அந்தச் சக்கரம் தொடும், ஆடிக்கொண்டே வருவார். சொந்த ஊர்ப் பெயரைச் சேர்த்து இதற்கு 'டென்னசி வால்ட்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தரை தொட்ட பிறகும் மிச்சமிருக்கும் வேகத்தை வைத்துக்கொண்டே ஓடுபாதையை விட்டுத் திரும்பி, கூட்டத்துக்கு நேர் எதிரே உருண்டு வந்து நிற்பார். வீட்டுக்கு முன்னால் பத்து வீடு தள்ளியே பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சரியாக வாசல் திண்ணையில் கால் ஊன்றி சைக்கிளை நிறுத்துவோமே, அந்தச் சந்தோஷம்தான், அளவு மட்டும் வேறு. அவர் இறங்கித் தொப்பியைப் போட்டுக்கொள்வார்.

சாகசக்காரர்கள் என்றால் உயிரைப் பணயம் வைப்பவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, கூட்டமும் பெரும்பாலும் அதற்குத்தான் வருகிறது. 1910களில் லிங்கன் பீச்சி என்று ஒருத்தர், அமெரிக்காவே கொண்டாடியவர், நயாகரா அருவிக்கு மேலே வந்து பாலத்துக்கு அடியில் புகுந்து போனவர். ஜனங்கள் நான் பறப்பதைப் பார்க்க வரவில்லை, சாவதைப் பார்க்க வருகிறார்கள் என்று வெறுத்துப்போய் 1913இல் பறப்பதையே விட்டார். சில மாசம்கூடத் தாங்கவில்லை, ஐரோப்பாவில் ஒருத்தர் வானத்தில் வட்டமடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் திரும்பி வந்துவிட்டார். 1915 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பெருங்கூட்டத்தின் கண்ணெதிரே இறக்கை முறிந்து கடலில் விழுந்தார், 28 வயசு. எழுபது வருஷம் கழித்து ஆர்ட் ஷோல், ஒரு ஹாலிவுட் படத்துக்காகக் கேமராவைக் கட்டிக்கொண்டு சுழன்றவர், கலிஃபோர்னியா கடலுக்குள்ளேயே போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை. இந்த இரண்டு பேரையும் குறைத்துச் சொல்லவில்லை, திறமையில் இரண்டு பேரும் மலை. எனக்கு ஹூவரைப் பிடிப்பதற்குக் காரணம், அவருடைய ஷோவில் மயிர்க்கூச்செறிய வைக்கிற எதையும் அவர் மயிர்க்கூச்செறிய வைப்பது மாதிரி செய்யவில்லை என்பது. எல்லாம் மெதுவாக, வழவழவென்று, ஏதோ முதலாளியை மீட்டிங்குக்குக் கூட்டிப்போகிற மாதிரி.

எப்போதும் அப்படியே இருந்தார் என்றும் சொல்ல முடியாது, சேட்டையும் உண்டு. 1966இல் மாஸ்கோவில் உலக சாகசப் பறப்புப் போட்டிக்கு அமெரிக்க அணியோடு போனவர், ரஷ்யர்களின் யாக்-18 விமானத்தை வாங்கிக்கொண்டு போய் அவர்கள் கண்ணெதிரிலேயே தலைகீழாகத் தரையைத் தடவி ஆடிக்காட்டிவிட்டார். பனிப்போர்க் காலம், அதிகாரிகள் கொதித்துப்போய்ப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். காப்பாற்றி விட்டவர் யூரி ககாரின், ஆமாம், விண்வெளிக்கு முதலில் போன அதே ககாரின்தான்! இதுவும் ஹூவர் சொன்ன கதைதான், அவர் கதைகளில் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இப்படிப்பட்ட ஆட்கள் வந்துபோவார்கள்.

அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் நடக்கும் விமானப் பந்தயத்திலும் பல வருஷம் அவர்தான் பந்தயத்தைத் தொடங்கி வைப்பவர். மஸ்டாங் என்ற பழைய போர் விமானத்தில், மஞ்சள் நிறம், முன்னால் பறந்து எல்லோரையும் வரிசைக்குக் கொண்டுவந்து, ரேடியோவில் "ஜென்டில்மென், யூ ஹேவ் எ ரேஸ்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவார். ஏறிப்போய் சும்மா இருக்க மாட்டார், யாருக்காவது இன்ஜின் போனால் பக்கத்தில் வந்து பறந்து, பதறாதே, இப்போ சக்கரத்தை இறக்கு என்று பேசிப் பேசித் தரையில் கொண்டுவந்து சேர்ப்பார்.

70 வயசில் அவருக்கு ஒரு பெரிய அடி. 1992இல் ஓக்லஹோமா சிட்டி ஏர்ஷோவைப் பார்த்த விமானத் துறை ஆய்வாளர்கள் இரண்டு பேர், இவருடைய பறத்தலில் பழைய கூர்மை இல்லை என்று எழுதிவிட, மருத்துவச் சான்றிதழைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. ஆஸ்திரேலியா பரிசோதித்துவிட்டு, தாராளமாகப் பறக்கலாம் என்று உரிமம் கொடுத்தது, அங்கே போய்ப் பறந்து காட்டினார். வக்கீல் வைத்துப் போராடி 1995இல் சொந்த ஊர்ச் சான்றிதழையும் திரும்ப வாங்கினார். அதற்கப்புறமும் சில வருஷம் ஷோ செய்தார். வயசானவர்களிடம் கார் சாவியை எப்போது வாங்குவது என்று எங்கள் வீட்டில் மாமனார் விஷயத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பதால் எனக்கு இதில் யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. ஆய்வாளர்களுக்கும் பயம் இருந்திருக்கும். மாமனாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன், தப்பு செய்துவிட்டேன், இப்போது ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுகிறார்.

அவர் ஷோவில் ஓட்டிய ஷ்ரைக் கமாண்டர்களில் ஒன்று இப்போது வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உத்வார்-ஹேசி மையத்தில் இருக்கிறது. அதே கூரைக்குக் கீழேதான் கான்கார்டும் டிஸ்கவரி விண்கலமும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இந்த மீட்டிங் வண்டி.

இப்போது நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கூச்சமாக இருந்தது.

ஒரு தடவை ஹூவர் சான் டியாகோவில் ஷோ முடித்துவிட்டு, ஷ்ரைக்கில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். ஏறி முன்னூறு அடி இருக்கும், இரண்டு இன்ஜினும் செத்துவிட்டன. இந்த முறை அணைத்தது அவர் இல்லை. ஷோவில் இன்ஜினை அணைக்கும்போது கையில் நிறைய வேகம் சேர்த்து வைத்திருப்பார், இங்கே வேகமும் இல்லை உயரமும் இல்லை, பையில் சில்லறைகூட இல்லாத நிலைமை. விமானிகளுக்கு அவர் எப்போதும் சொல்கிற ஒன்று உண்டு: விழத்தான் போகிறது என்றாலும், மோதி முடிகிற வரைக்கும் ஓட்டுவதை விடாதே. அன்றைக்கு அதைத்தான் செய்தார். மூக்கைக் கீழே தள்ளி மிச்சமிருந்ததை வேகமாக்கி, ஒரு பள்ளத்தாக்கில் கொண்டுபோய் வயிற்றால் உட்கார வைத்தார். விமானம் நாசம். மூன்று பேருக்கும் உயிர் இருந்தது.

டேங்கைப் பார்த்தால் ஜெட் எரிபொருள் வாசனை. ஷ்ரைக் பெட்ரோல் மாதிரியான எரிபொருளில் ஓடுகிற பிஸ்டன் விமானம், அதே உருவத்தில் டர்போ கமாண்டர் என்று ஒன்று உண்டு, அது மண்ணெண்ணெய் வகையான ஜெட் எரிபொருளில் ஓடும். நிரப்பிய பையன் இதை அது என்று நினைத்துவிட்டான். குழாயில் மிச்சமிருந்த பழைய எரிபொருள் மேலே ஏற்றிவிடுகிற அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ஹூவர் திரும்பி விமானதளத்துக்கு வந்தபோது அந்தப் பையன் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தானாம். ஒரு பெரிய மனிதரின் விமானம் போச்சு, மூன்று உயிர் போயிருக்கும். ஹூவர் போய் அவன் தோளில் கை போட்டு, தப்பு செய்யாதவன் யாரும் இல்லை என்று சொல்லி, இனி நீ இதை ஜென்மத்துக்கும் செய்ய மாட்டாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நாளைக்கு என் மஸ்டாங்குக்கு நீயே எரிபொருள் போடு என்றார். அதோடு விடாமல், தப்பு கையில் இல்லை, குழாய் வாயில் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். ஜெட் எரிபொருள் குழாயின் வாயை வாத்தின் அலகு மாதிரி அகலமாகச் செய்து, பிஸ்டன் விமானத்து டேங்கின் வாயில் ஒரு வளையம் போட்டுச் சிறிதாக்கிவிட்டால், தவறாகப் போட நினைத்தாலும் நுழையாது. இன்றைக்கும் அந்தக் குழாய்க்கு ஹூவர் நாசில் என்று பெயர், வளையத்துக்கு ஹூவர் வளையம் என்று பெயர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், திருவண்ணாமலை போய்விட்டு ராத்திரி திரும்பும்போது ஹைவேயில் ஒரு பங்க்கில் என் டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டான் ஒரு பையன். பத்தொன்பது வயசு இருக்கும். "ஃபுல்லா சார்?" என்று கேட்டான், நான் போனில் ஆபீஸ் ஆளோடு சண்டை போட்டுக்கொண்டே தலையை ஆட்டினேன், இறங்கக்கூட இல்லை. மூன்று கிலோமீட்டரில் வண்டி இழுக்க ஆரம்பித்து, குலுங்கி, நின்றது. லோடு ஆட்டோ, கயிறு, விடியற்காலை மெக்கானிக், டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, பதினாலாயிரம். மறுநாள் அந்த பங்க்குக்கே போனேன். என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது, பின் சீட்டில் என் பையன் இருந்தான், அவனுக்கு அப்போது ஆறு வயசு. முதலாளி வந்து, சம்பளத்தில் பிடித்துத் தருகிறேன் சார் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, கையில் இருந்த நாசிலையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்ரோல் நாசில் சின்னது, டீசல் காரின் வாய்க்குள் அது பேசாமல் போகும். இது எனக்கு ஹூவரைப் பற்றிப் படிக்கும் வரை தெரியாது.

மாடியில் தூக்கு சுற்றிய அன்று ராத்திரி என் பையனுக்கு டீ தாத்தாவின் இந்தக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "நம்ம கார்லயும் ஒரு தடவ மாத்திப் போட்டாங்கல்ல? நீ கத்துனியே" என்றான். ஆமாம் என்றேன்.

இந்த மாசம் அந்த வழியாகப் போனபோது அதே பங்க்கில் வண்டியைத் திருப்பினேன். பெயின்ட் மாறியிருந்தது, பம்ப் புதுசு, ஆட்களும் புதுசு. ஒரு அம்மா, சட்டைக்கு மேல் பங்க் கோட்டு போட்டவர், வந்து நின்று "என்ன சார் போடணும்?" என்றார். அந்தப் பையனைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன், பெயர்கூடத் தெரியாமல் என்ன கேட்பது. "டீசல்மா" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கி, மூடியை நானே திறந்துகொடுத்து, நிரம்புகிற வரை பக்கத்தில் நின்றேன்.